மூன்று-பி வீட்டில் குடி வைத்த விவகாரம்

ஒரு மனிதன் தகப்பனாகி ஐந்து மாதம் ஆகும்போது அவனிடம் மிச்சமிருக்கும் ஆசைகள் இரண்டு. உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். வீடு வாங்குவது, வெளிநாடு போவது, முடி வெட்டிக்கொள்வது போன்ற மற்ற ஆசைகளெல்லாம் பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலேயே கழன்று விழுந்துவிடும்.

பெங்களூர் காக்ஸ் டவுன் 'அமைதி என்கிளேவ்' அடுக்குமாடியில் மூன்று-பி வீட்டில் இருந்த லாயிட் மட்டும் மூன்றாவதாக ஒரு ஆசையையும் விடாமல் வைத்திருந்தான். அந்தச் சூடான சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் ஒயின் இருக்க வேண்டும், அதுவும் அவன் கையால் போட்ட ஒயினாக இருக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு ஞானஸ்நானம். கோயிலிலிருந்து வந்ததும் பாப்பா தூங்கும். ஒரு தடவை தூங்கினால் நாற்பது நிமிடம் தூங்கும் என்பது ஐந்து மாத ஆராய்ச்சியில் லாயிட் கண்டறிந்த உண்மை. அந்த நாற்பது நிமிடத்துக்குள் உட்கார்ந்து, சூடாகத் தின்று, ஒரு கிளாஸ் குடித்துவிட வேண்டும். அவனுடைய எதிர்காலத் திட்டம் அவ்வளவுதான்.

சமையலைப் பற்றிக் கவலை இல்லை. அவன் மனைவி கேத்தரினின் அப்பா ஓஸ்வால்ட், கோலார் தங்கவயலில் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டை முப்பது வருஷம் ஆண்டவர். பிள்ளை பெற்ற மகளுக்குச் சமைத்துப் போட வந்து இறங்கியிருந்தார். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, மிளகு ரசம் என்று வீடே மணத்தது. முந்நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை, நாலு பேருக்கு என்றால் அவருக்கு அளவு வராது. லாயிட் அதையெல்லாம் நின்றபடி, தோளில் பாப்பாவோடு, ஆறியபின் தின்றுகொண்டிருந்தான். அப்படித் தின்றும்கூட, பிள்ளை பெற்றவள் கேத்தரினா இவனா என்று பார்ப்பவர்கள் சந்தேகப்படும் அளவுக்கு வயிறு வந்திருந்தது.

ஒயின் விஷயத்தில்தான் ஒரு சிறு பிசகு நடந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி திராட்சையோடு சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு கைப்பிடி கோதுமையும் சேர்க்க வேண்டும். தூக்கமில்லாத ஒரு காலையில் லாயிட் திராட்சையைப் பிசைந்து ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடி வைத்தான். நாலு நாள் கழித்துப் பார்த்தால் சர்க்கரையும் ஈஸ்டும் கோதுமையும் டயப்பர் பைக்குள் பத்திரமாக இருந்தன. டயப்பர்கள் ஃப்ரிட்ஜில் இருந்தன.

அதற்குள் ஜாடி தானாகவே பொங்க ஆரம்பித்துவிட்டது. மூன்று வாரத்தில் கலங்கலாக, முகத்தைச் சுளிக்க வைக்கும் ஒரு நெடியோடு நின்றது. கொட்டிவிடலாம் என்றுதான் லாயிட் தூக்கினான். அந்த நேரம் பார்த்து நான்கு-ஏ அபினவ் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வந்தான். அபினவ் ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒன்றுக்குத் தலைவன். மாமிசம், பால், தயிர், மாவுச்சத்து, செருப்பு ஆகியவற்றைத் துறந்தவன். மூடியைத் திறந்து ஒரு முறை மோந்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"லாயிட்ண்ணா, இது நேச்சுரல் ஒயின்!"

"இல்லப்பா, கெட்டுப் போச்சு."

"கெட்டுப் போகலண்ணா. குதிரை லாயம் வாசனை வருதா?"

"வருது. அதனாலதான் கொட்டப் போறேன்."

"ஐயோ பேடாண்ணா, கொட்டாதீங்க! அந்த வாசனைக்குத்தான் இந்திராநகர்ல க்யூ நிக்கிறாங்க. ஈஸ்ட் போடல, சக்கரை போடல, மனுஷன் தலையிடவே இல்ல. இது உயிரோட இருக்குண்ணா. லிவிங் ஒயின். எப்படிண்ணா இவ்ளோ டிசிப்ளினா இருந்தீங்க?"

"மறந்துட்டேன்."

"அதான்! பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் மறக்கறதுக்குத்தான் பிரான்ஸ் போய்க் கத்துக்கிட்டு வர்றாங்க."

லாயிட்டுக்கு ஐந்து மாதத்தில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஜாடியை எடுத்த இடத்திலேயே வைத்தான். அபினவ் ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டுப் போய், அடுக்குமாடியின் வாட்ஸப் குழுவில் 'மூன்று-பி-யில் ஒரு அற்புதம்' என்று ஜாடியின் படத்தைப் போட்டான். அதைப் பார்த்தவர் இரண்டு-ஏ ரமா. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் துணைச் செயலாளரும்கூட. அவர் பதிலுக்கு ஒரே வரி எழுதினார்: 'மூன்று-பி வீட்டில் குடி வைத்திருக்கிறார்கள். சங்கம் தூங்குகிறதா?'

சங்கம் தூங்கவில்லை. அதன் செயலாளர் கோதண்டராமன் புள்ளிவிவர இலாகாவில் முப்பத்திநாலு வருஷம் விழித்திருந்தவர். அமைதி என்கிளேவின் விதிகள் முதலில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும்தான் இருந்தன. குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள் என்பதால், யாரும் கேட்காமலேயே, அவர் அவற்றை நல்ல தமிழில் பெயர்த்து அச்சிட்டிருந்தார். வீட்டை வாடகைக்கு விடுவது சம்பந்தமான பதினாலாம் விதி அந்தத் தமிழில் இப்படி இருந்தது: 'சங்கத்தின் முன் அனுமதியின்றி எந்த வீட்டிலும் குடி வைக்கக் கூடாது.'

வெள்ளிக்கிழமை காலை அவர் கையில் கோப்போடு மூன்று-பி வாசலில் நின்றார்.

"உங்க வீட்டுல குடி வச்சிருக்கிறதா எழுத்துப்பூர்வமான புகார் வந்திருக்கு."

"ஒரே ஒரு ஜாடிதான் சார்," என்றான் லாயிட், தோளில் இருந்த பாப்பாவைத் தட்டிக்கொண்டே.

"எண்ணிக்கை முக்கியமில்ல. முன் அனுமதி வாங்கினீங்களா?"

"ஒயினுக்கு எதுக்கு சார் அனுமதி?"

கோதண்டராமன் விதியை வாசித்தார். கேத்தரின் உள்ளிருந்து வந்தாள்.

"அங்கிள், அது வாடகைக்கு வர்ற குடி. இது குடிக்கிற குடி. ரெண்டும் வேற."

"தமிழ்ல ரெண்டு இருக்கலாம்மா. விதியில ஒண்ணுதான் இருக்கு. அதுக்குப் படிவமும் ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப மொழிபெயர்ப்பு தப்புன்னு திருத்திடுங்களேன்."

அவர் முகம் மாறியது. அந்த மொழிபெயர்ப்புக்காக அவருக்குச் சங்கம் ஒரு சால்வை போர்த்தியிருந்தது. "மொழிபெயர்ப்புல தப்பில்ல. உங்க வீட்டுலதான் தப்பு," என்று சொல்லி, 'குடி வைக்க அனுமதி கோரும் படிவம்' என்பதை எடுத்து அவரே நிரப்பத் தொடங்கினார். லாயிட்டின் இரண்டு கையும் பாப்பாவிடம் இருந்தன.

"பேரு?"

"ஒயின்."

"அப்பா பேரு? சரி, உங்க பேரையே போட்டுக்கறேன். சொந்த ஊர்?"

"ரஸல் மார்க்கெட்ல வாங்கினது சார்."

"வயசு?"

"இருபத்திமூணு நாள்."

"தொழில்?"

லாயிட் யோசித்தான். "பொங்குறது."

"சுயதொழில். சைவமா, அசைவமா?"

"திராட்சைதான் சார்."

"சைவம்," என்று திருப்தியோடு எழுதினார். அந்தக் கேள்வியில் பலர் அங்கே வீடு கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்கள். "வளர்ப்புப் பிராணி ஏதாவது?"

"கொசு மாதிரி சின்னச் சின்ன ஈ சுத்துது."

"எத்தனை?"

"ஒரு நாப்பது இருக்கும்."

"அதுக்குத் தனிப் படிவம். போட்டோ ரெண்டு வேணும், ரெண்டு காதும் தெரியணும்."

போன வருஷம் கேத்தரினின் படத்தை, முடி ஒரு காதை மறைக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பியவர் அவர். ஜாடியின் படம் முதல் தடவையே தேறிவிட்டது. இரண்டு பக்கமும் இரண்டு காது, பிடித்துத் தூக்கும்படி, தெளிவாக இருந்தது. "படம்னா இப்படி இருக்கணும்," என்று கேத்தரினைப் பார்த்துச் சொன்னார்.

எல்லாம் சரியாக முடிந்தது என்று லாயிட் நினைத்த இடத்தில்தான் சனி பிடித்தது. கோதண்டராமன் கோப்பின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"ரெண்டு ரூம் வீட்டுக்கு நாலு பேருக்கு மேல கூடாது. நீங்க, மேடம், குழந்தை, மாமனார். குடியோட சேத்து அஞ்சு. ஒருத்தரைக் குறைக்கணும்."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் குடியைக் காலி பண்ணிடுவோம் சார்," என்றான் லாயிட் அவசரமாக.

"அதெப்படி? பதினஞ்சாம் விதி. ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்காம எந்தக் குடியையும் காலி பண்ணக் கூடாது. இன்னிக்குக் கொடுத்தீங்கன்னா அடுத்த மாசம் காலி பண்ணலாம். அதுவரைக்கும் அதுமேல கை வச்சீங்கன்னா சட்டப்படி குத்தம்."

"அதுக்குள்ள வினிகராயிடும் சார்."

"அது குடியோட சொந்த விஷயம். நாம தலையிடக் கூடாது. நீங்களும் மேடமும் வீட்டுக்காரங்க. குழந்தை பால் குடிக்குது. குடிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. மிச்சம் யாரு?"

எல்லோரும் சமையலறைப் பக்கம் பார்த்தார்கள். ஓஸ்வால்ட் கையில் கரண்டியோடு நின்றிருந்தார். தங்கவயல்காரருக்கு ரோஷம் சட்டென்று வரும்.

"மாப்ள, ஒரு ஜாடிக்காக என்னை வெளிய அனுப்புறியா?"

"நான் அனுப்பல மாமா, விதி."

"முந்நூறு பசங்க என் கையால தின்னுட்டு ஒருத்தன்கூட என்னைப் போன்னு சொன்னதில்ல. ஞாயித்துக்கிழமை சமைச்சுக் குடுத்துட்டு மூணு மணி ரயிலுக்குப் போறேன். அந்த ஜாடியையே அடுத்த வாரம் ரசம் வைக்கச் சொல்லு."

சொன்னதோடு நிற்கவில்லை, பெட்டியையும் எடுத்துக் கட்டிலில் வைத்தார். லாயிட்டுக்கு உலகமே இருண்டது. மாமனார் போய்விட்டால் கேத்தரினுக்கு யார் சமைப்பது? அவனுக்குத் தெரிந்தது முட்டை மட்டும்தான், அதிலும் ஓடு விழும். ஒயினும் இல்லை, சோறும் இல்லை. அவன் பாப்பாவைப் பார்த்தான். பாப்பா அவன் சட்டையில் கக்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நல்லபடியாக நடந்தது. வீட்டுக்கு வந்ததும், லாயிட்டின் ஆராய்ச்சி பொய்க்காமல், பாப்பா தூங்கிவிட்டது. மேசையில் மஞ்சள் சோறும், பன்றி வறுவலும், கொத்துக்கறி உருண்டை போட்ட பால் கறியும் ஆவி பறந்தன. லாயிட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவன் முதுகு நாற்காலியில் பட்டது. அழைப்பு மணி அடித்தது.

கோதண்டராமன், ரமா, அபினவ் மூவரும் நின்றார்கள். கோதண்டராமனின் கையில் பதிவேடு இருந்தது. "தலைகளைச் சரிபார்க்கும் நேரடி ஆய்வு," என்றார்.

"நான் குடியோட பிரதிநிதியா வந்திருக்கேன்," என்றான் அபினவ். "உயிருள்ள ஒயினுக்கும் உரிமை இருக்குண்ணா."

"எனக்கு இந்த வீட்டுல குடியே இருக்கக் கூடாது," என்றார் ரமா. "பேரப்பிள்ளைங்க வந்து போற இடம்." சொல்லிக்கொண்டே மேசையைப் பார்த்தார். "அது என்னங்க, உருண்டை உருண்டையா?"

"பால் கறி," என்றார் ஓஸ்வால்ட் விறைப்பாக.

"நான் பால் தொடமாட்டேன் அங்கிள்," என்றான் அபினவ்.

"கவலைப்படாத தம்பி. இது இங்கிலீஷ் பால், உருண்டைன்னு அர்த்தம். மாட்டுப்பால் ஒரு சொட்டு கிடையாது, முழுக்க ஆட்டுக்கறி."

கோதண்டராமன் பதிவேட்டைத் திறந்து, தலைகளை எண்ணினார். பெட்டியோடு நின்ற ஓஸ்வால்டைப் பார்த்து, "நீங்க கிளம்பலாம். ஆய்வு முடியறவரைக்கும் இருந்தா கணக்கு இடிக்கும்," என்றார்.

அப்போது கேத்தரின் பேசினாள். பால் கொடுக்கும் காலம் என்பதால் அந்த ஒயினில் அவளுக்கு வாசனை பார்க்க மட்டுமே உரிமை. ஆனால் அப்பாவின் சோற்றில் முழு உரிமை இருந்தது.

"அங்கிள், அந்தப் பதிவேட்டுல எங்க பாப்பா எங்க இருக்கு, காட்டுங்க."

கோதண்டராமன் தேடினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார்.

"இல்லையே."

"நாங்க படிவம் கொடுக்கவே இல்ல. அஞ்சு மாசமா மறந்துட்டோம். அப்ப விதிப்படி இந்த வீட்டுல பாப்பா இருக்கா, இல்லையா?"

முப்பத்திநாலு வருஷ அனுபவம் அவருக்குள் வேலை செய்தது. "பதிவேட்டுல இல்லாதது இருக்க முடியாதும்மா. நீங்க ரெண்டு, அப்பா ஒண்ணு, குடி ஒண்ணு. நாலு. கச்சிதம்." அவர் முகம் மலர்ந்தது. கணக்கு சரியாக வந்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான். "அப்பா இருக்கலாம்."

உள்ளே பாப்பா வீறிட்டது. பதினெட்டே நிமிடம்தான் தூங்கியிருந்தது.

"குழந்தை அழுவுது சார்," என்றார் ரமா.

"எந்தக் குழந்தை?" என்றார் கோதண்டராமன்.

லாயிட் எழுந்து ஓடினான். ஓஸ்வால்ட் மனம் குளிர்ந்து, பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, ஆய்வுக்காக ஜாடியைத் தூக்கிவந்து மேசையில் டொக்கென்று வைத்தார். ஏற்கெனவே பொங்கிக்கொண்டிருந்த சரக்கு. குலுங்கிய வேகத்தில் மூடி தெறித்தது, சிவந்த நுரை விளிம்பைத் தாண்டி வழிய ஆரம்பித்தது.

"ஐயோ, துடைங்க, துடைங்க!" என்றார் ரமா.

"யாரும் தொடாதீங்க!" என்று கோதண்டராமன் கையை உயர்த்தினார். "பதினாறாம் விதி. தானாக முன்வந்து வெளியேறும் குடிக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. இது தன்னிச்சையா வெளியேறுது. எல்லாரும் சாட்சி."

"ஆனா தரையில போகுதே சார்."

"போக விடக்கூடாது. வெளியேறுறவங்களுக்குத் தக்க மரியாதை கொடுக்கணும். கிளாஸ் கொண்டாங்க."

படுக்கையறையிலிருந்து லாயிட்டுக்கு எல்லாம் கேட்டது. பாப்பாவைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே கேட்டான். கிளாஸ்கள் மோதும் சத்தம் வந்தது. முதல் மடக்குக்கு யாரோ இருமினார்கள். "புளிச்ச மாவு கழுவின தண்ணி மாதிரி இருக்கே," என்றார் ரமா. "அதான் மேடம் அதோட கேரக்டர்," என்றான் அபினவ். உடனே ரமா, "இல்ல, இல்ல, நானும் அதைத்தான் சொல்றேன், கேரக்டர் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்றார். சிறிது நேரத்தில் கோதண்டராமனின் குரல், வழக்கத்தைவிட இளகி, கேட்டது: "குதிரை லாயம். சந்தேகமே இல்ல. எங்க தாத்தா குதிரை வண்டி வச்சிருந்தார்." பிறகு தட்டுகள் நிரம்பும் சத்தம். மாமனார், "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, நிறைய இருக்கு," என்று ஹாஸ்டல் குரலில் பரிமாறிக்கொண்டிருந்தார்.

பாப்பா மறுபடி கண்ணயர்ந்து லாயிட் வெளியே வந்தபோது வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். சோறு ஆறியிருந்தது. ஜாடியின் அடியில் திராட்சைத் தோலும் ஒரு ஸ்பூன் கலங்கலும் இருந்தன. அதை நின்றபடியே வாயில் ஊற்றிக்கொண்டான். அழுகை வந்தது. ஒயின் நன்றாக இருந்ததா என்று கேட்டால் அவனால் இன்றும் சொல்ல முடியாது.

அன்று மாலை ஆய்வறிக்கை வாட்ஸப் குழுவில் வெளியானது. 'மூன்று-பி வீட்டில் வைக்கப்பட்டிருந்த குடியை, கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் நேரில் இருந்து, முழு மனதோடு, மீதமின்றிக் காலி செய்தோம் என்பதை இதன்மூலம் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' கீழே மூன்று கையெழுத்து. மூன்றும் கொஞ்சம் சாய்ந்திருந்தன. அறிக்கையை இருபத்திநாலு வீட்டாரும் படித்தார்கள். அனுமதி வாங்கினால் வீட்டில் குடி வைக்கலாம் என்ற செய்தி அவர்களுக்கு அதில்தான் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை, பாப்பாவுக்குப் படிவம் கொடுத்து முறைப்படி பதிந்துகொண்டு வரும்படி கேத்தரின் லாயிட்டை அனுப்பினாள். அவன் பாப்பாவோடு கீழே போனால், சங்க அலுவலகத்தின் முன் ஒரு வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் காது தெரியும்படி எடுத்த ஜாடிப் படம் இருந்தது. ரமா நெல்லிக்காய் போட்டிருந்தார். "மருத்துவ குணத்துக்காக," என்றார். அபினவ் இரட்டைக் குடி வைக்க விண்ணப்பித்திருந்தான். வரிசை வேகமாக நகர்ந்தது. எந்த வீட்டிலும் தலைக்கணக்கு இடிக்கவில்லை. எல்லோரும் குழந்தைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து முந்தின நாளே அடித்துவிட்டிருந்தார்கள்.

லாயிட்டின் முறை வந்தது. கோதண்டராமனின் மேசையில், அவர் வீட்டு அன்னாசிக்கான அனுமதிச் சீட்டு காய்ந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு படிவந்தான் மிச்சம் இருக்கு," என்றார். "புதுசா அச்சடிக்க எப்படியும் ஆறு மாசமாகும். யாருக்கு எழுதட்டும்?"

லாயிட் தோளில் தூங்கும் பாப்பாவைப் பார்த்தான். காலையில் மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்து சமையலறையில் வைத்திருந்த நாலு கிலோ திராட்சையை நினைத்தான்.

"குழந்தை எப்படியும் இருபது வருஷம் இங்கதான் சார் இருக்கும்," என்றான். "அதுக்கென்ன அவசரம்?"

"பொறுப்புள்ள தகப்பன்," என்று சொல்லி, கோதண்டராமன் முத்திரையைக் குத்தினார்.